குடைக்காரருக்கு ஒட்டிய பிளாஸ்திரி

துபாயில் ஏழு வருஷம் கேசட் பதிவு செய்தேன். அதில் ஆறு வருஷம் நான் பதிவு செய்த இங்கிலீஷ் கேசட்டில் ஒரு அறுபதைத் தவிர ஒன்றுகூடச் சரியான வேகத்தில் ஓடவில்லை. இது முதலாளிக்குத் தெரியாது. ஒரு பாட்டுக்காரருக்கும் அவர் டிரம்காரருக்கும் ஒரு ஹோட்டல்காரருக்கும் மட்டும் தெரியும். இப்போது உங்களுக்கும்.

மிஷின் வேலை கற்க வரும் பிள்ளைகள் படிக்கட்டும், எழுதுங்கள் என்று ஊர்ப் பட்டறைக்காரர்கள் கேட்டார்கள். நான் அஞ்சாவது வரைதான். எழுத்து அப்படித்தான் இருக்கும்.

1. பெல்ட்

கடை தேராவில், துபாயின் பழைய கடைவீதிப் பக்கம். முதலாளி மீரான் காக்கா. எனக்கும் அவருக்கும் ஒரே ஊர், கீழக்கரை; அங்கே அண்ணனைக் காக்கா என்போம். எழுபதுகளின் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தேன்.

முதல் நாள் என்னைப் பின்னறைக்குக் கூட்டிப் போனார். மேலே ஒரு ரிக்கார்டு பிளேயர். அதிலிருந்து ஒயர் இறங்கி ஆறு கேசட் டெக்குக்குப் போனது. மேலே ரிக்கார்டு சுற்றினால் கீழே ஆறு கேசட்டில் ஏறும்.

"லண்டன்லேர்ந்து ஒரு ரிக்கார்டு வரும். அத நீ ஆயிரமா ஆக்கணும். அவ்வளவுதான் வேலை" என்றார். அப்போது இதைக் கேட்க ஆள் கிடையாது. எல்லாக் கடையும் செய்தது.

"இங்கிலீஷ் தெரியுமாடா?"

"தெரியாது காக்கா."

"நல்லதாப் போச்சு. பாட்டு கேட்டுக்கிட்டு நிக்க மாட்ட."

நிற்கவில்லை. எனக்குப் பாட்டு என்றால் நிமிஷம். ரிக்கார்டு ஒரு பக்கம் இருபத்தொரு நிமிஷம் ஓடும். காக்கா ஹாங்காங்கிலிருந்து மலிவாக வாங்கிய கேசட் ஒரு பக்கம் இருபது நிமிஷம். மிச்சம் ஒரு நிமிஷம் எங்கே போகும்? எங்கும் போகாது. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடும்.

ஆட்கள் வந்து சண்டை போட்டார்கள். பாலஸ்தீன வாத்தியார் ஒருவர் ஏழு கேசட்டை மேஜையில் கொட்டினார். "ஏழுலயும் கடைசி ஆள் கலாஸ்! ஒருத்தனையாவது உயிரோட விடு" என்று கத்தினார். காக்கா அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். கேசட்டை மாற்றிக் கொடுக்கவில்லை.

வெயில் காலம் வந்தது. மதியம் ஒரு மணிக்குக் கடை அடைப்போம், நாலு மணிக்குத் திறப்போம். அடைக்கும்போது காக்கா ஏசியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவார். நான் பின்னறையில் பதிவை ஓட்டிக்கொண்டிருப்பேன். அந்தச் சூட்டில் பிளேயரின் ரப்பர் பெல்ட் இளகியது. மோட்டார் புல்லியில் பிடிக்காமல் வழுக்கியது. தட்டு நின்று நின்று சுற்றியது. புது பெல்ட் ஜப்பானிலிருந்து வர ரெண்டு மாசம் ஆகும் என்றார்கள்.

முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்திரி இருந்தது. புல்லியில் ரெண்டு சுற்றுச் சுற்றினேன். பெல்ட் பிடித்துக்கொண்டது.

அன்றைக்கு முதல் ரிக்கார்டு ஓடியது. கடைசிப் பாட்டு முழுசாக முடிந்தது. அதற்குப் பிறகும் கேசட்டில் கொஞ்சம் நாடா இருந்தது. சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டதா என்று பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

சின்ன வயசில் சைக்கிள் கடையில் இருந்தவன் நான். விஷயம் உடனே புரிந்தது. புல்லி பெருத்துவிட்டது, தட்டு வேகம் பிடித்துவிட்டது. குரலும் கொஞ்சம் மெலிந்திருந்தது. பாடுகிறவர் எல்லாரும் பத்து வயசு குறைந்த மாதிரி. அதனால் என்ன, கடைசிப் பாட்டு உயிரோடு இருக்கிறதே.

சண்டைக்கு ஆள் வருவது நின்றது. காக்கா பின்னறைக்கு வந்தார்.

"என்னடா பண்ணின?"

"சரி பண்ணினேன் காக்கா."

அவர் ஆசையாகக் கேட்பது ஊர்ப் பாட்டு மட்டும். அது பெரிய ஸ்பூலில் வரும், வேறு மிஷின். அதனால் அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. ரெண்டு மாசத்தில் புது பெல்ட் வந்தது. டிராயருக்குள் போட்டேன்.

2. குடை

எனக்கு இங்கிலீஷ் எழுத்து ஒட்டாது. ரிக்கார்டு உறையில் என்ன படம் இருக்கிறதோ அதைக் கேசட்டின் மேல் பேனாவால் போடுவேன். குதிரை, ரயில், மீசை. வாங்க வருகிறவர்களும் பழகிவிட்டார்கள். "பாய், ரெண்டு மீசை" என்பார்கள்.

அதில் ராஜா, குடை. கொட்டுகிற மழையில் குடையை மடக்கிக் கையில் பிடித்து நனைந்துகொண்டு நிற்கும் ஒரு வெள்ளைக்காரர். அவரே எழுதி அவரே பாடுகிறவர். கித்தார், டிரம், கத்தல் உள்ள ராக் பாட்டு. ஆபீஸ்காரர், லெபனான்காரர், ஏர்லைன்ஸ் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாருக்கும் குடை வேண்டும். தோஹாவுக்கும், குவைத்தில் ஃபர்வானியாவுக்கும், ராஸ் அல் கைமா குவாரி கேம்ப் வரைக்கும் பார்சல் கட்டினேன். பஹ்ரைனுக்கு மட்டும் அனுப்பவில்லை. அங்கே வேறொருத்தன் சொந்தமாகப் பதிவு செய்தான்.

கடைக்கு ஸ்ரீனிவாசன் என்று ஒருவர் வருவார். மயிலாப்பூர்க்காரர். க்ரீக் என்கிற உப்பங்கழி ஓரத்து ஹோட்டலில் விருந்து, கச்சேரி எல்லாம் அவர் பொறுப்பு. ஆகஸ்ட் மாசத்திலும் டை கட்டுவார்.

"பாய், இப்போ என்ன நன்னாப் போறது?"

"குடை."

"எவ்ளோ போறது?"

அடுக்கிய பெட்டிகளைக் காட்டினேன். எண்ணிப் பார்த்துக்கொண்டு போனார்.

ரெண்டு மாசம் கழித்து ஊரெல்லாம் போஸ்டர். குடைக்காரர் நேரில் வருகிறார். ஹோட்டலில் ரெண்டு நாள் கச்சேரி, புதனும் வியாழனும். அப்புறம் பஹ்ரைன், தோஹா, குவைத். என் பெட்டிகளை நம்பி ஸ்ரீனிவாசன் செய்த ஏற்பாடு.

காக்கா பெருமைப்பட்டார். நான் பின்னறைக்குப் போய்ப் புல்லியில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்தேன். உரிக்கவில்லை.

3. அவங்கப்பா

வியாழன் மதியம் ஒரு மணி. ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. காக்கா சாப்பிடப் போய்விட்டார். ஸ்ரீனிவாசன் குனிந்து உள்ளே வந்தார். டை முதுகுப் பக்கம் கிடந்தது. பின்னாலேயே ஒரு வெள்ளைக்காரர். நெட்டை, நாற்பது வயசுக்கு மேல், தோள் வரை முடி. கையில் கித்தார்ப் பெட்டி. குடை இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை.

"பாய், மானம் போயிடுத்து" என்றார் ஸ்ரீனிவாசன்.

"என்ன ஆச்சு?"

"நேத்து ஹால் ஃபுல். மூணாவது பாட்டுக்கு எல்லாரும் எழுந்து பிரியாணிப் பக்கம் போயிட்டா. 'இது அவன் இல்ல, அவங்கப்பா. பையனை அனுப்புங்க'ன்னு ஒருத்தன் கத்தறான். கூட நாலு பேர் கை தட்டறா."

வெள்ளைக்காரர் ஒரு அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்தார். பேர் லென் என்றார். தண்ணி கொடுத்தேன்.

"இவருக்கு இங்க எவ்ளோ மவுசுன்னு பாக்கட்டும், மனசு தேறும்னு கூட்டிண்டு வந்தேன்" என்றார் ஸ்ரீனிவாசன். "இன்னிக்கும் இப்படியே ஆச்சுன்னா பஹ்ரைன், தோஹா, குவைத் எல்லாம் கேன்சல்னு மேனேஜர் சொல்லிட்டார். நேரா லண்டன் பிளேன்."

லென் மெதுவாகப் பேசினார். ஸ்ரீனிவாசன் தமிழில் சொன்னார். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். இவர் பதினஞ்சு வயசில் பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங். அங்கே கூட வேலை பார்த்த நாலு பேராகச் சேர்ந்து ஒரு குழு. சாராயக் கடைகளில் பாடிப் பாடிப் பேர் வாங்கினார்கள். அப்புறம் மேடையில் யார் முன்னால் நிற்பது என்று சண்டை. குழு உடைந்தது. யாரும் கூப்பிடாமல் மூணு வருஷம் வீட்டில் இருந்தார். அப்போது எழுதின பாட்டுகள்தான் குடை.

"இப்போ தொண்டை போயிடுத்துன்னு நினைக்கிறார்" என்றார் ஸ்ரீனிவாசன். "ஜனங்க பொய் சொல்லாதாம். இன்னிக்குப் பாடிட்டு நிறுத்திடப் போறாராம். மச்சினன் பெயின்ட் கடை வெச்சிருக்கானாம். அங்க போயிடுவாராம்."

பெயின்ட் கடையில் ஒரு கேவலமும் இல்லை. ஆனால் அவரை அங்கே அனுப்புகிறவன் நானாக இருக்கக்கூடாது.

சொன்னால் காக்காவுக்குப் போகும். ரெண்டு வருஷ கேசட். விசா கேன்சல், அடுத்த கப்பலில் ஊர். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

நான் பேசுகிற ஆள் இல்லை. எழுந்து பின்னறைக்குப் போனேன். கையைக் காட்டி ரெண்டு பேரையும் கூப்பிட்டேன்.

பிளேயரில் அவர் ரிக்கார்டைப் போட்டு ஊசியை வைத்தேன். லென் தலையைச் சாய்த்துக் கேட்டார். சிரித்தார்.

"யார் இந்தப் பொடியன்? நன்னாப் பாடறானேங்கறார்" என்றார் ஸ்ரீனிவாசன்.

ரிக்கார்டை எடுத்தேன். தட்டைத் தூக்கினேன். புல்லியைக் காட்டினேன். பிளாஸ்திரியை உரித்தேன். டிராயரிலிருந்து புது பெல்ட்டை எடுத்து மாட்டினேன். அதே ரிக்கார்டு, அதே பாட்டு. ஊசியை வைத்தேன்.

லென்னின் சிரிப்பு நின்றது. அவர் குரல், அவர் வயசில் வந்தது. பிளாஸ்திரி என் விரலில் ஒட்டிக்கொண்டு தொங்கியது.

ஸ்ரீனிவாசன் சுவரில் சாய்ந்தார். "பாய், இங்கேர்ந்து போன அத்தனை குடையும்...?"

"அத்தனையும்."

"கடவுளே. ஏன் பாய்?"

"கேசட்டு நீளம் பத்தல. கடைசிப் பாட்டைப் பாதியில வெட்ட மனசு வரல."

அதை லென்னிடம் சொன்னார். லென் குனிந்து புல்லியைப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"'கடைசிப் பாட்டுக்காகவா?'ங்கறார்."

தலையாட்டினேன். லென் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விட்டபோது பிளாஸ்திரி அவர் உள்ளங்கைக்குப் போயிருந்தது.

4. ஏசி

"மேடையில சொல்லிடலாமா, தப்பு கேசட் மேலதான்னு?" என்றார் ஸ்ரீனிவாசன். சொல்லிவிட்டு என் மூஞ்சியைப் பார்த்தார். "வேண்டாம். உங்களுக்கு வேலை போயிடும்."

லென் வேறு வழி வைத்திருந்தார். ஜனத்துக்குப் பிடித்தது அந்தப் பொடியன்தானே, அவனையே கொடுத்துவிடுவோம் என்றார். ஹோட்டலுக்குப் போன் போட்டு டிரம்காரரை வரவழைத்தார். கித்தார்க் கழுத்தில் ஒரு கிளிப்பை மாட்டினார். அதை ஒரு கட்டம் ஏற்றிப் பிடித்தால் சுருதி ஒரு படி ஏறுமாம். என் பிளாஸ்திரி ரெண்டு சுற்றும் அந்த ஒரு கட்டமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. எனக்கே ஆச்சரியம்.

கடைக்குள் பழகினார்கள். ஒரு டெக்கில் என் கேசட் ஓடும், லென் அதோடு சேர்ந்து பாடுவார். டிரம்காரர் குண்டு மனிதர். காலி கேசட் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து ரெண்டு ஸ்கேலால் அடித்தார். வேகம் அவருக்குப் பிடிபடவில்லை. மேடைக்கு மேடை ஒரே வேகத்தில் அடித்த கை. நாலு வரிக்கு ஓடும், அஞ்சாவது வரியில் பழைய நடைக்கு வந்துவிடும்.

சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. நான் எழுந்து ஏசியைப் போட்டேன். கடை மூடியிருக்கும் நேரத்தில் அந்தச் சுவிட்சை யாரும் தொட்டது கிடையாது.

நாலு மணிக்கு ஷட்டர் மேலே போனது. காக்கா நின்றார். உள்ளே ரெண்டு வெள்ளைக்காரர்கள், ஒரு டை, பெட்டி மேல் தாளம். காக்கா அதையெல்லாம் பார்க்கவில்லை. மேலே பார்த்தார்.

"யாருடா ஏசி போட்டது?"

"நான்தான் காக்கா."

"பாய், இவர்தான் குடைக்காரர்" என்றார் ஸ்ரீனிவாசன் காக்காவிடம்.

"அஹ்லன், அஹ்லன்" என்று லென்னிடம் கை கொடுத்தார் காக்கா. என் பக்கம் திரும்பினார். "எத்தன மணிலேர்ந்துடா ஓடுது?"

ஒப்பிட்டுப் பார்க்க மறுபடி போட்ட ரிக்கார்டு அப்போது பின்னறையில் சுற்றிக்கொண்டிருந்தது. காக்கா காதைத் தீட்டினார். குடையைக் கடையில் ஆயிரம் தடவை கேட்ட காது.

"இது ஏன் இழுத்துக்கிட்டு ஓடுது? மிஷின்ல கை வெச்சியா?"

"ஆமா காக்கா."

"ஒழுங்கா ஓடிக்கிட்டிருந்த மிஷின். யாரு உன்னக் கை வைக்கச் சொன்னா?"

"சரி பண்ணிடுறேன்."

உள்ளே போனேன். பெட்டியிலிருந்து புதுப் பிளாஸ்திரி எடுத்தேன். ரெண்டு சுற்று. பொடியன் பாட ஆரம்பித்தான்.

"ஆங், இப்ப சரி" என்றார் காக்கா.

லென் ஷட்டர் பக்கம் திரும்பி நின்றார். சிரிப்பில் முதுகு குலுங்கியது.

5. விரல்

மக்ரிப் தொழுகை முடிந்து ஹோட்டலுக்குப் போனேன். அதற்கு முன் கச்சேரி பார்த்தவன் இல்லை. லென் என்னை மேடை ஓரத்தில், திரை மறைவில் நிறுத்தினார். "வேகம் குறைஞ்சா சொல்லணுமாம். உங்களுக்குத்தான் அந்தக் காது இருக்காம்" என்றார் ஸ்ரீனிவாசன்.

எப்படிச் சொல்வது? விரலைத் தட்டு மாதிரிச் சுற்றிக் காட்டினேன். லென் தலையாட்டினார்.

பாதி ஹால்தான் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் நேற்றுக் கத்தினவன் இன்றும் வந்திருந்தான். மறுபடி கத்தலாம் என்று வந்திருப்பான் போல. கடைசி மேஜைகளில் நாற்காலியைப் பிரியாணிப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

முதல் பாட்டு எடுத்தார். நாலு வரி சரியாக ஓடியது. அஞ்சாவது வரியில் குண்டு மனிதரின் கை பழைய நடைக்குப் போனது. நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. லென் என்னைப் பார்த்தார். நான் விரலைச் சுற்றினேன். லென் காலால் தரையை உதைத்தார். டிரம்காரர் என் விரலைப் பார்த்தார். கை ஏறியது.

அதற்குப் பிறகு நான் விரலை நிறுத்தவே இல்லை. இந்தக் கை வலித்தால் அந்தக் கை. முதல் வரிசைக்காரன் கத்தினான், ஆனால் வேறு மாதிரி. மேஜை மேல் ஏறினான். பிரியாணியைப் பரிமாறுகிற ஆளே கரண்டியோடு வந்து நின்றார். ஒரிஜினல் ரிக்கார்டு வீட்டில் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் மட்டும் வாட்சைத் தட்டித் தட்டிக் காதில் வைத்துப் பார்த்தார்.

லென்னுக்கு மூச்சு வாங்கியது. கழுத்து நரம்பு தெரிந்தது. கடைசிப் பாட்டு வந்தது. அதில் மேலே போகிற இடம் ஒன்று உண்டு. அவரால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. வாயைத் திறந்தார், குரல் வரவில்லை.

ஹால் பாடியது. மொத்த ஹாலும், அந்த வேகத்தில், அந்தச் சுருதியில், ஒரு வார்த்தை விடாமல், கடைசி வரி வரைக்கும். கேசட்டில் அது பாதியில் அறுந்திருந்தால் அந்த வரி அவர்களுக்கு எப்படித் தெரியும்?

லென் மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே நின்றார். நான் விரலைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

மறுநாள் காலை ஏர்போர்ட் போகிற வழியில் கடைக்கு வந்தார். எந்த ஊருக்கு என் பார்சல் போனது என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல ஸ்ரீனிவாசன் லென்னின் முன்கையில் பேனாவால் எழுதினார். பஹ்ரைன், பிளாஸ்திரி இல்லை. தோஹா, உண்டு. குவைத், உண்டு. போகும்போது மேஜை மேல் இருந்த பிளாஸ்திரி ரோலை எடுத்துக்கொண்டு போனார். கேட்கவில்லை.

குவைத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. ஸ்ரீனிவாசன் படித்துச் சொன்னார். ஃபர்வானியாவில் ஒருத்தன் என் கேசட்டிலிருந்து காப்பி எடுத்திருக்கிறான். அவன் டெக் என்னுடையதைவிட வேகம். "முதல் பாட்டிலேயே புரிந்துவிட்டது. கிளிப்பை இன்னொரு கட்டம் ஏற்றினேன். இப்போது எனக்கு வயது பதினாறு" என்று எழுதியிருந்தார்.

6. கடைசிப் பாட்டு

எனக்கு மனசு உறுத்தியது. ஒருநாள் பிளாஸ்திரியை உரித்துவிட்டு ஒழுங்கான வேகத்தில் அறுபது கேசட் பதிவு செய்தேன். ஒரு வாரத்தில் நாற்பது திரும்பி வந்தது. "பாய், இழுக்குது, கடைசியில அறுந்தும் போகுது, டூப்ளிகேட்" என்றார்கள். காக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி ஒட்டினேன்.

ரெண்டு வருஷம் கழித்து லென்னின் புது ரிக்கார்டு வந்தது. உறையில் அதே மனிதர். இந்தத் தடவை குடையை விரித்துப் பிடித்திருந்தார். குடைத் துணியில் ஒரு கிழிசல். கிழிசல் மேல் பிளாஸ்திரி.

ஸ்ரீனிவாசன் இங்கிலீஷ் பத்திரிகையோடு வந்தார். "பாய், நன்னாத்தான் எழுதியிருக்கா. கடைசிப் பாட்டை மட்டும் கிழிச்சுட்டா. வேணும்னே இழுத்து, குழறி, தூக்கத்துலேர்ந்து எழுந்த கிழவன் மாதிரிப் பாடியிருக்காராம். ஏன் இப்படின்னு யாருக்கும் புரியலையாம்."

நான் உள்ளே போய் ரிக்கார்டைப் போட்டு, ஒரு கேசட்டில் பதிவும் ஓட்டினேன். ரெண்டாம் பக்கம். முதல் பாட்டுகள் என் மிஷினில் வழக்கம்போல் பொடியன் குரலில் ஓடின. கடைசிப் பாட்டு வந்தது. அதில் பொடியன் இல்லை, கிழவனும் இல்லை. என் கடையில் அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து பேசின அதே குரல். சரியான வேகம், சரியான வயசு.

உலகத்தில் எந்த மிஷினில் போட்டாலும் அந்தப் பாட்டு இழுக்கும். என் மிஷினில் இழுக்காது.

பாட்டு முடிந்தது. கேசட்டில் ரெண்டு விரல் அளவு நாடா மிச்சம் இருந்தது.

ஸ்ரீனிவாசன் டையைத் தளர்த்தினார். அன்றுதான் முதல் தடவை.

முன்னாலிருந்து காக்கா குரல் கொடுத்தார். "என்னடா, மிஷின் சரியா ஓடுதா?"

"ஓடுது காக்கா."

பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். மிஷினில் கை வைத்தால் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். நான் சொல்ல ரெண்டு வருஷம் ஆனது, அதற்குள் ஒரு மனிதர் பெயின்ட் கடைக்குப் போகப் பார்த்தார். சொல்ல வாய் வரவில்லையா, உரித்துக் காட்டுங்கள்.